பழைய பெட்டியும் பிடிவாதக் கட்டையும்

இந்த வாரம் சங்கீத விஷயம் எழுதப் போகிறேன் என்றதும் நேயர்கள் பயந்து பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ராகத்தைப் பற்றியும் தாளத்தைப் பற்றியும் எழுத எனக்கு யோக்கியதை கிடையாது என்பதை என் வீட்டார் பல முறை எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். நான் எழுதப் போவது ஒரு மரக்கட்டையைப் பற்றி. நிறம் கறுப்பு; குணம் பிடிவாதம். அழுத்தினால் கீழே போகும். விரலை எடுத்தால் மேலே வராது. வராத வரையில் அதன் ஸ்வரம் ஓயாமல் ஒலித்துக் கொண்டேயிருக்கும், கல்யாண வீட்டில் கோபித்துக் கொண்ட சம்பந்தியைப் போல.

சென்ற கார்த்திகைக் கடைசியில் வெம்பாக்கம் போயிருந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து பாலாற்றைத் தாண்டித் தெற்கே சென்றால் வரும் ஊர். 1989க்கு முன்னால் வட ஆர்க்காடு ஜில்லா. இப்போது திருவண்ணாமலை மாவட்டம். ஆரணிப் பட்டு என்று கடைகளில் விற்கும் சேலைகளுக்காகத் தறி போட்டிருக்கும் குடும்பங்கள் இந்தச் சீமையில் எத்தனையோ உண்டு. என் சித்தப்பாவின் வீடும் அவற்றில் ஒன்று. அவருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. கை மட்டும் இன்னும் நாடாவை விடவில்லை.

நான் போன சமயம் நாடாவும் ஓய்ந்து கிடந்தது. அடைமழை. குழித்தறி வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலம் என்றால் என்னவென்று பட்டணத்து நேயர்களுக்குத் தெரிய நியாயமில்லை. நெசவாளி கால்களைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கும் அந்தக் குழிக்குள் தரையிலிருந்து ஊற்றுப் போல நீர் கசியும். இறைத்தால் மறுபடியும் ஊறும். தெருவில் பாவு விரிப்பதற்கு வெயிலும் இராது. பட்டு நூல் ஈரத்தை வாங்கிக் கொண்டு சொன்னபடி கேட்காது. ஆகவே ஐப்பசி கார்த்திகையில் தெரு முழுவதும் திண்ணையில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கும். அடுப்பங்கரைக் கணக்கும் அப்படியே வானத்தைப் பார்க்கும்.

சித்தப்பா மகனின் பெண் ஒன்பதாம் வகுப்பு வாசிக்கிறாள். நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவள் வழக்கை ஆரம்பித்துவிட்டாள்.

"பெரியப்பா, நீங்களாவது அப்பாவிடம் சொல்லுங்கள். பெட்டியை விற்கக் கூடாது."

பெட்டி என்றால் ஹார்மோனியப் பெட்டி. என் தகப்பனார் வாங்கியது. தெருக்கோடியிலுள்ள பஜனைக் கோயிலில் மார்கழி முப்பது நாளும் விடியற்காலம் அவர் வாசித்துப் பாடுவார். அவர் காலத்துக்குப் பின் பெட்டி சித்தப்பா வீட்டுப் பரண் மேல் ஏறிவிட்டது. இரண்டு வருஷங்களாக இந்தப் பெண் அதை இறக்கி வைத்துத் தானாகவே வாசிக்கப் பழகியிருக்கிறாள். இந்த மார்கழிக்கு அவளே வாசித்துப் பாட வேண்டும் என்று பஜனைக் கோயில் பெரியவர்கள் சம்மதித்தும் விட்டார்கள். அந்தக் கோயிலில் ஒரு பெண் குழந்தை பெட்டிக்கு முன்னால் உட்காருவது இதுதான் முதல் தடவை. அதற்கு அவர்களைச் சம்மதிக்கச் செய்ததே சித்தப்பாவின் பெரிய சாதனை என்று கேள்விப்பட்டேன்.

இந்தச் சமயம் பார்த்து ஐந்தரைக் கட்டை மக்கர் செய்தது.

தம்பி, அதாவது அவளுடைய தகப்பன், பெட்டியைப் பட்டணத்துக் கடை ஒன்றுக்கு எடுத்துப் போய்க் காட்டியிருக்கிறான். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லையாம். "ரீடெல்லாம் மாற்ற வேண்டும், துருத்தியும் போய்விட்டது, ரிப்பேர் செய்வதைவிடப் புதிதாக வாங்கிவிடுங்கள். பழசை நான் எடுத்துக் கொள்கிறேன்" என்று சொன்னாராம். கூடவே, தட்டினால் சுருதி கொடுக்கும் மின்சாரப் பெட்டி ஒன்றையும் காட்டினாராம். தறி ஓடாத மாதத்தில் தம்பிக்கு எந்தப் பக்கம் மனம் சாய்ந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவனைக் குறை கூறவும் எனக்கு மனமில்லை.

கட்டைக் கணக்கு தெரியாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. நம் பாடகர்கள் 'எனக்கு ஒன்றரைக் கட்டை', 'அந்த அம்மாளுக்கு ஐந்து கட்டை' என்று சொல்வது இந்த ஹார்மோனியத்தின் கட்டைகளை வைத்துத்தான். வெள்ளைக் கட்டைகளை ஸி என்ற மேல்நாட்டு ஸ்வரத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டியது. இடையில் வரும் கறுப்புக் கட்டைகளுக்கு 'அரை' சேர்க்க வேண்டியது. கர்நாடக சங்கீதத்துக்கு இந்தப் பெட்டி ஒவ்வாது என்று வாதிடும் வித்வான்கூடத் தம்முடைய சுருதியைச் சொல்லும்போது இதன் பாஷையில்தான் சொல்லியாக வேண்டும்! ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை. என் தகப்பனாருக்கு இரண்டு கட்டை. இந்தப் பெண்ணுக்கு ஐந்தரை. அவளுக்கு ஆதார ஷட்ஜமே எந்தக் கட்டையோ, அதுதான் கீழே போனால் மேலே வரவில்லை.

இந்த இடத்தில் நான் ஒரு குற்றத்தை ஒப்புக் கொள்ள வேண்டியிருக்கிறது. ஐந்தரைக் கட்டையின் வியாதிக்கு மூலகாரணம் நானேதான். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு மழைக்காலத்தில் அந்தக் கட்டை கொஞ்சம் மந்தமாக எழும்பியது. கிணற்று ராட்டினம் கிரீச்சிட்டால் அம்மா எண்ணெய் விடுவதைப் பார்த்திருந்த நான், ஒருவரும் இல்லாத வேளையில் தேங்காயெண்ணெயைக் கிண்ணத்தில் எடுத்து வந்து கட்டையின் இடுக்கில் தாராளமாக அபிஷேகம் செய்தேன். இரண்டு நாள் வரையில் பிரமாதமாக வேலை செய்தது. மூன்றாம் நாள் அடுத்திருந்த ஐந்தாம் கட்டையும் சேர்ந்து ஒட்டிக் கொண்டது. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு படிப்பு, உத்தியோகம் என்று ஊரை விட்டே போய்விட்டேன்.

"சித்தப்பா, இன்றைக்கே பிரித்துப் பார்த்துவிடலாமே" என்றேன்.

"இன்றைக்கா? நல்ல யோசனைதான்!" என்று சிரித்தார். "மழையில் மரம் ஊதியிருக்கிறதப்பா. இப்போது உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இன்றைக்குச் சரியாகிவிடும். சித்திரையில் மரம் சுருங்கும்போது கட்டை பல் விழுந்த கிழவி மாதிரி ஆடும். முதலில் காயட்டும். ஈரம் போன பிறகும் எது ஒட்டுகிறதோ அதுதான் வியாதி. மற்றதெல்லாம் மழை."

பெட்டியைப் பட்டு நூல் வைக்கும் உள்ளறைக்கு எடுத்துப் போனார். அந்த வீட்டில் மனிதர்கள் நனைந்தாலும் நனையலாம், நூல் நனையக் கூடாது. ஆகவே அதுதான் வீட்டிலேயே உலர்ந்த அறை. வெயிலில் வைக்கலாமே என்று நான் சொன்னதற்கு, பலகை வெடித்துக் காற்றுப் போய்விடும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மேல்மூடியைத் திறந்துவிட்டு, மெல்லிய துணி ஒன்றைப் போர்த்தினார். மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அந்த மூன்று நாளும் திண்ணையில் உட்கார்ந்தபடி எனக்கு இந்தப் பெட்டியின் வமிச வரலாற்றைப் பற்றிய யோசனைதான். சென்னையில் என் சிநேகிதர் ஒருவரிடம் இதற்கு ஒரு தாயாதி இருக்கிறது. கான்ஸர்டினா என்று பெயர். இரண்டு கைகளுக்கு நடுவே இழுத்தும் அமுக்கியும் வாசிக்கும் ஆறு மூலைப் பெட்டி. கட்டைகளுக்குப் பதிலாக இரு பக்கமும் சின்னஞ்சிறு பொத்தான்கள். அதைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் வீட்ஸ்டன். 1829ல் காப்புரிமை வாங்கினார். பௌதிகம் படித்த பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும்: வீட்ஸ்டன் பாலம் என்று மின்தடையை அளக்கும் கருவியைப் பற்றிப் பரீட்சையில் எழுதியிருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாலத்தை 1833ல் முதலில் சொன்னவர் சாமுவேல் கிறிஸ்டி என்ற வேறொருவர்; பெயர் மட்டும் வீட்ஸ்டனுக்குப் போயிற்று. கான்ஸர்டினாவோ அவருடைய சொந்தக் குழந்தை. அதை யாரும் அவர் பெயரைச் சொல்லி அழைப்பதில்லை. இரட்சணிய சேனையார் தெருப் பிரசங்கங்களுக்கு விரும்பித் தூக்கிச் சென்ற வாத்தியம் அது. என் சிநேகிதரின் பெட்டியில் நாற்பத்தெட்டுப் பொத்தான்கள். மழைக்காலத்தில் அவற்றில் நாலைந்து உள்ளே போனால் வெளியே வரமாட்டேன் என்கின்றன. ஆகவே ஒட்டிக் கொள்ளும் வியாதி அந்த வமிசத்துக்கே பொதுவானது போலும்.

ஹார்மோனியம் பாரிஸ் நகரத்தில் பிறந்தது. அலெக்ஸாந்தர் தெபேன் என்பவர் 1842ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அது காலால் மிதிக்கும் மேஜை வாத்தியம். நாற்காலியில் உட்காரும் ஜனங்களுக்கு அது சரி. சம்மணமிட்டு உட்காரும் நமக்கு எப்படிச் சரிப்படும்? கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் என்பவர் அதன் காலை வெட்டி, துருத்தியைப் பின்பக்கம் வைத்து, ஒரு கையால் ஊதி மறு கையால் வாசிக்கும்படி செய்து கொடுத்தார். அதன் பிறகு அது அசல் பிரஜையாகிவிட்டது. ரீடுகளைக் குஜராத்தில் பாலிதானா ஊர்க்காரர்கள் செய்யக் கற்றுக் கொண்டார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் ஊர் ஊராக நடந்த காலத்தில் மேடையோரத்தில் இந்தப் பெட்டி இல்லாமல் திரை உயராது. செய்யாற்றை அடுத்த புரிசையின் தெருக்கூத்திலும் முகவீணைக்கும் மிருதங்கத்துக்கும் பக்கத்தில் இது இடம் பிடித்துக் கொண்டது.

இவ்வளவு பேரும் ஏற்றுக் கொண்ட வாத்தியத்தை அகில இந்திய வானொலி மட்டும் ஏற்றுக் கொள்ளவில்லை. 1940 மார்ச் முதல் தேதியன்று அதை நிலையத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அப்போது வானொலியின் தலைவர் லயனல் பீல்டன் என்ற ஆங்கிலேயர். மகாகவி தாகூருக்கும் இந்தப் பெட்டியின் மேல் பிரியமில்லை. கமகம் வராது, ஸ்வர ஸ்தானங்கள் மேல்நாட்டுத் தராசில் நிறுத்தவை, நம் சங்கீதத்தைக் கெடுக்கிறது என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. கட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள இடத்தில்தான் நம் ராகங்கள் பாதி வசிக்கின்றன. அங்கே இந்தப் பெட்டிக்குப் பிரவேசம் கிடையாது. தடை 1971ல்தான் தளர்ந்தது. ஆனால் அந்த முப்பது வருஷமும் வெம்பாக்கம் பஜனைக் கோயிலுக்கு வானொலியின் உத்தரவு எட்டவில்லை. குளிரில் நடுங்கிக் கொண்டு பாடும் இருபது பேரைச் சுருதியில் சேர்த்து நிறுத்த ஒரு குரல் வேண்டும். அதை இந்தப் பெட்டி கொடுத்தது. அதற்கு மேல் அதனிடம் யாரும் கேட்கவுமில்லை.

நாலாம் நாள் மழை வெறித்தது. சித்தப்பா கூடத்தில் வெள்ளைத் துணி விரித்துப் பெட்டியை வைத்தார். பென்சில், உப்புத்தாள், சிறிது ஸ்பிரிட், பழைய வேட்டித் துண்டு, பாவிலிருந்து அறுத்தெடுத்த ஒரு முழம் பட்டு இழை. இவ்வளவுதான் ஆயுதங்கள். இழை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

ஹார்மோனியக் கட்டை என்பது ஒரு சின்ன ஏற்றம். முன்பக்கத்தை விரல் அழுத்தினால் பின்பக்கம் எழும்பும். பின்பக்கத்தின் அடியில் தோல் ஒட்டிய மூடி ஒன்று இருக்கிறது. மூடி எழும்பியதும் துவாரம் திறந்து காற்று ஓடும். கீழே பித்தளை நாக்கு அதிரும். விரலை எடுத்தால் ஒரு கம்பி, பின்பக்கத்தைக் கீழே தள்ளி மூடியை மூடிவிடும். இவ்வளவு எளிய யந்திரத்தில் எங்கேயாவது ஒரு மயிரிழை உராய்ந்தாலும் கம்பிக்குப் பலம் போதாது. கட்டை பாதியில் நின்றுவிடும்.

சித்தப்பா இழையின் இரு முனைகளையும் இரண்டு கைகளில் பிடித்துக் கொண்டு ஒவ்வொரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே அதை இறக்கி, முன்னிருந்து பின்னே மெல்ல இழுத்துக் கொண்டே போனார். அச்சுப் பல்லுக்குள் பாவு இழை தடையில்லாமல் போகிறதா என்று பார்க்கும் அதே கைவாகு. (நெசவு அச்சுக்கும் ஹார்மோனிய நாக்குக்கும் ஆங்கிலத்தில் ரீடு என்று ஒரே பெயர்தான் என்று நான் சொன்னேன். "அப்படியானால் வெள்ளைக்காரனுக்கும் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்கிறது" என்றார்.) மூன்று நாளுக்கு முன் எங்கும் சிக்கியிருக்கக் கூடிய இழை இப்போது வழுக்கிக் கொண்டு போயிற்று. ஐந்தரைக்குப் பக்கத்திலும் அது நிற்கவில்லை.

"பார்த்தாயா? பக்கத்துக் கட்டை மேல் குற்றமில்லை. அன்றைக்கே தேய்த்திருந்தால் நிரபராதியைத் தண்டித்திருப்போம். குற்றம் உள்ளே இருக்கிறது."

பிறகு கட்டைகளைக் கழற்றத் தொடங்கினார். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எண் போட்டு வைக்கும்படி பெண்ணுக்கு உத்தரவு. பார்வைக்கு எல்லாம் ஒன்று போல் இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. வரிசை கலைந்தால் ஒரு நாள் போதாது. கான்ஸர்டினா சிநேகிதருக்கும் இதைத்தான் எழுதிப் போட்டிருக்கிறேன்: மூலைத் திருகுகளைக் கழற்றுமுன் அட்டை ஒன்றில் துளைகள் போட்டு வைத்துக் கொண்டு, பொத்தான்களை வந்த வரிசையிலேயே அதில் செருகும்படி.

"எண் ஏற்கெனவே இருக்கிறதே, தாத்தா!" என்றாள் பெண்.

பார்த்தேன். ஒவ்வொரு கட்டையின் அடியிலும் மங்கிய பென்சில் எழுத்து. என் தகப்பனார் கை. பெட்டியை ஒரு தடவை அவரே முழுவதும் பிரித்திருக்கிறார்.

ஐந்தாம் கட்டை வெளியே வந்தது. அதன் அடித்தோல் மற்ற தோல்களைப் போலக் கறுத்திராமல் வெளிறியிருந்தது. பிற்காலத்தில் மாற்றிய தோல். அடுத்து ஐந்தரை. அதன் தோல் பழைய தோலேதான்; எண்ணெய் குடித்து, உலர்ந்து, ஓடு போல் கெட்டிப்பட்டிருந்தது. கட்டையைத் தாங்கும் ஊசியைச் சுற்றிலும் பல்லி முட்டை அளவுக்குப் பிசின் திரண்டிருந்தது. தேங்காயெண்ணெயும் பல வருஷத்துத் தூசியும் சேர்ந்து உண்டான பிசின்.

நான் பேசாமல் இருந்தேன். சித்தப்பா கட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபடியே சொன்னார்:

"அண்ணா அன்றைக்குப் பிரித்தபோது நானும் கூட இருந்தேன். தோல் ஒரு கட்டைக்குத்தான் கையில் இருந்தது. மார்கழி பிறக்க இரண்டு நாள். ஐந்து இல்லாமல் பஜனை நடக்காது, ஐந்தரை இல்லாமல் நடந்துவிடும் என்றார். அதை அப்படியே மூடிவிட்டார்."

எனக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது. இரண்டு கட்டைச் சுருதியில் பாடுகிறவருக்கு ஐந்தாம் கட்டை சுத்த மத்தியமம். அது வேண்டாத பாட்டு அபூர்வம். ஐந்தரை பிரதி மத்தியமம். கல்யாணி போன்ற ராகங்களுக்குத்தான் அது வேண்டும். அப்பா கல்யாணி நன்றாகப் பாடுவார் என்று ஊரில் சொல்வார்கள். நான் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

"எண்ணெய் விட்டது யாரென்று அவருக்குத் தெரியுமா, சித்தப்பா?"

"கிண்ணத்தைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாயே" என்றார்.

பெண் சிரித்துவிட்டாள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

மேற்கொண்டு நடந்தது அரைமணி வேலை. துண்டில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஊசியையும் துவாரத்தையும் துடைத்தார். துடைக்கத் துடைக்கத் துணி பழுப்பாயிற்று. ஊசியில் கொஞ்சம் துருவும் இருந்தது. உப்புத்தாளை மடித்து இரண்டே இழுப்பு. பென்சில் கூரைச் சுரண்டி அந்தக் கரித்தூளை ஊசியில் தடவினார். வழுக்க வேண்டிய இடத்துக்கு அதுதான் மருந்தாம்; அது தூசியைப் பிடிக்காது, மரத்தில் ஊறாது. கெட்டிப்பட்ட தோலைச் சுரண்டி எடுத்தாயிற்று. புதுத் தோலுக்கு என்ன செய்வது? ராணிப்பேட்டையும் ஆம்பூரும் இருக்கிற சீமையில் தோலுக்கா பஞ்சம்! தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் தம்பியே போய் மெல்லிய ஆட்டுத் தோலாக ஒரு துண்டு வாங்கி வந்தான். மிருதுவான பக்கம் துவாரத்தைப் பார்த்து இருக்கும்படி ஒட்டி, மேலே ஒரு படிக்கல்லை வைத்தார்கள்.

மேல் ஸ்தாயியில் ஒரு கட்டை ஊமையாக இருந்தது. கடைக்காரர் ரீடு போய்விட்டது என்று சொன்னது அதைப் பார்த்துத்தானோ என்னவோ. சித்தப்பா தபால் கவரின் ஓரத்தைக் கிழித்துப் பித்தளை நாக்குக்கு அடியில் நுழைத்து ஒரு தடவை இழுத்தார். ஒரு பொடித் தூசி வெளியே வந்தது. ஊமை பேசிற்று. ரீட்டைச் சுரண்டிச் சுருதி சேர்ப்பதற்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். ஆனால் சுரண்டிய பித்தளையைத் திரும்ப ஒட்ட யாராலும் முடியாது, அதற்கென்று பழகியவன்தான் தொட வேண்டும் என்றார். துருத்தியில் ஓர் ஓரம் பிரிந்திருந்தது. அதற்குத் துணி வைத்து ஒட்டினோம். ஆக மொத்தம் செலவு, தோலுக்கும் ஸ்பிரிட்டுக்கும் சேர்த்து, நான் காஞ்சிபுரத்திலிருந்து வந்த பஸ் சார்ஜைவிடக் குறைவு.

கோந்து காய ஒரு இரவு வேண்டும். எனக்கோ மறுநாள் அதிகாலையில் உத்தியோகத்துக்குத் திரும்ப வேண்டும். ஆகவே பலனைப் பார்க்காமலே புறப்பட்டுவிட்டேன்.

மார்கழி முதல் தேதி விடியற்காலம் நாலேமுக்காலுக்கு டெலிபோன் மணி அடித்தது. அந்த வேளையில் மணி அடித்தால் எந்தக் குடும்பஸ்தனுக்கும் வயிற்றைக் கலக்கும். எடுத்தேன். அந்தப் பக்கம் ஜாலரா சப்தம், இருமல், யாரோ விளக்கைத் தூண்டச் சொல்லும் குரல்.

"பெரியப்பா, கேளுங்கள்" என்றாள்.

ஐந்தரைக் கட்டை ஒலித்தது. விரலை எடுத்தாள். நின்றது. மறுபடியும் அழுத்தினாள், எடுத்தாள்; நின்றது. நாலைந்து தடவை இப்படியே.

"சரி, சரி, பாட்டை ஆரம்பி அம்மா, குளிருகிறது" என்று சித்தப்பா அதட்டுவது கேட்டது. டெலிபோனை வைக்க மறந்துவிட்டார்கள். நான் படுக்கையில் உட்கார்ந்தபடியே கேட்டுக் கொண்டிருந்தேன்.